பினாங்கில் நம்மை ஜூரியாகக் கூப்பிடுவார்களா?

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகளுக்கு ஜூரி கடிதம் வந்து அவர் புலம்புகிறார், நமக்கும் இங்கே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. பொதுமக்களில் சிலரை உட்கார வைத்து, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யச் சொல்லும் ஜூரி முறையை மலேசியா 1995லேயே எடுத்துவிட்டது. இப்போது நீதிபதிதான் விசாரித்துத் தீர்ப்பும் சொல்கிறார்.

அவர் புலம்புவதில் நியாயம் உண்டு. அங்கே பல மாநிலங்களில் ஜூரிக்குப் போகும் நாளுக்கு முதலாளி சம்பளம் தரவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் இங்கே இருந்த பாரம் வேறு மாதிரி. ஜூரியில் ஏழு பேர். கடைசிக் காலத்தில் தூக்குத் தண்டனை வழக்குகளுக்கு மட்டும்தான் ஜூரி. கொலை நிரூபணமானால் அன்று தூக்கைத் தவிர வேறு தண்டனையே கிடையாது. எதிரே கூண்டில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே, கடைக்காரரோ அலுவலகக் கிராணியோ அவர் குற்றவாளியா என்று முடிவு செய்யவேண்டும். ஏழில் ஐந்து பேர் ஒத்துப்போனாலே போதும். மாறுபட்ட இருவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பகாங் மாநிலத் தெமர்லோவில் நடந்த, அரசியல்வாதி ஒருவரைக் கொன்ற மோனா ஃபெண்டியின் வழக்குதான் கடைசி ஜூரி வழக்குகளில் பேர்போனது.

கட்டாயத் தூக்கு 2023இல்தான் நீங்கியது. என்னைக் கேட்டால், அது இருந்தவரை சாதாரண ஆட்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது கொடுமை.

சரி, உங்களுக்கு நீதிமன்றக் கடிதம் வந்தால்? பெரும்பாலும் சாட்சி சொல்ல வரும் சப்பினாவாக இருக்கும். அலட்சியம் செய்யாதீர்கள், போகாவிட்டால் வாரண்டு வரலாம். மலாய் சரளமாக வராதென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.