மண்பாதையில் நின்றுபோகும் பிக்கப்புக்கு எந்த லாக்கர் பொருந்தும்?

கேள்வி: வால்பாறைப் பகுதியில் காபியும் மிளகும் பயிரிடுகிறேன். என்னிடம் உள்ளது ஃபோர் வீல் டிரைவ் வசதியுள்ள பழைய இரட்டை கேபின் பிக்கப். மழைக்காலத்தில் தண்ணீர் அரித்த இரண்டு பள்ளங்களில், ஃபோர் வீல் போட்டிருந்தும் வண்டி ஏற மறுக்கிறது. முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் அதற்கு எதிர்மூலையில் ஒரு சக்கரமும் வெறுமனே சுழல்கின்றன. வாரம் இருமுறை பொள்ளாச்சிக்கு இறங்குகிறேன். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் லாக்கரில், குறைந்த செலவிலான தானியங்கி வகையைப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா, காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கர்தான் வேண்டுமா?

பதில்: வாரம் இருமுறை பொள்ளாச்சிக்கு இறங்குவதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் என் பதிலைத் தீர்மானிக்கிறது. உங்கள் பிக்கப்புக்கு ஏற்றது, தேவைப்படும்போது மட்டும் பூட்டி, மற்ற நேரங்களில் முழுவதுமாக விடுவிக்கக்கூடிய லாக்கர். அதையும் பின் அச்சில் மட்டும் பொருத்தினால் போதும்.

வண்டி ஏன் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஃபோர் வீல் போடும்போது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் செல்லும் தண்டுகள் ஒன்றாக இணைகின்றனவே தவிர, ஒவ்வோர் அச்சின் நடுவிலும், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பற்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல் பூட்டப்படாமல் திறந்த நிலையிலேயே இருக்கிறது. திறந்த டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமான முறுக்குவிசையையே தரும். பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற 50 நியூட்டன் மீட்டர் போதுமென்றால், தரையில் அழுந்தி நிற்கும் சக்கரத்துக்கும் அதே 50 தான் கிடைக்கும். அந்தச் சக்கரத்துக்கு அதைப்போலப் பத்து மடங்கு தாங்கும் பிடிப்பு இருந்தாலும் பயன்படாது. லாக்கர் இரு அச்சுத்தண்டுகளையும் ஒரே தண்டுபோல இணைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு வேண்டிய விசை முழுவதும் போய்ச் சேர வழிசெய்கிறது.

தானியங்கி லாக்கரில், டிஃபரென்ஷியல் கூட்டினுள் இருக்கும் சிறிய பற்சக்கரங்களான ஸ்டார் கியர்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் பொருத்தும் வகை உண்டு. எஞ்சின் விசையை அச்சுக்குத் திருப்பிவிடும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கர ஜோடியைத் தொட வேண்டியதில்லை என்பதால் வேலையும் செலவும் குறைவு. உங்கள் மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சேற்றில் இது நன்றாகவே உழைக்கும். ஆனால் இதன் இயல்பு, ஆக்சிலரேட்டர் அழுந்தியிருக்கும்வரை பூட்டிக்கொண்டும், திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட வேண்டியபோது விடுபட்டும் செயல்படுவது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சரக்கு இறக்கிய பிக்கப்பின் பின்பகுதி எடை குறைந்தது. நனைந்த தாரில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பூட்டிய அச்சின் இரு சக்கரங்களும் ஒன்றாகப் பிடிப்பை இழந்து வால் பக்கவாட்டில் நழுவக்கூடும். பள்ளத்தாக்கை ஒட்டிய சாலையில் சேமிக்கும் பணத்துக்காக அந்த அபாயத்தை ஏற்கவேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

முழுவதும் பூட்டாமல், ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை சாலைக்கு இணக்கமானது. எனினும், சக்கரம் முற்றிலும் தரையை விட்டு எழும்பினால், முழுக்கப் பற்சக்கரங்களால் இயங்கும் டார்சன் போன்ற வகை, பிடிப்பில்லாத சக்கரத்தின் விசையைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்கியே மற்றதற்குத் தருகிறது. பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான். பிரேக்கை லேசாக மிதித்து ஓரளவு சமாளிக்கலாம். கிளட்ச் தட்டுகள் உள்ள வகையில் அவை தேயத்தேயப் பலன் குறையும்.

மீதமுள்ளவை ஏர் லாக்கரும் மின் லாக்கரும். 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் தொழிற்சாலையிலேயே பின் அச்சுக்கு மின் லாக்கர் கொடுக்கிறார்கள். மின் லாக்கருக்குக் கம்பி இணைப்பும் சுவிட்சும் போதும், பராமரிப்பு குறைவு. சில மின் லாக்கர்கள் முன்னோக்கிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு கணம் விடுபட்டு மீண்டும் பூட்டும் என்பதால், சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி வண்டியை எடுப்பவருக்கு அது சற்றுத் தொந்தரவு. ஏர் லாக்கர் இரு திசையிலும் உறுதியாகப் பூட்டும். அதற்கான கம்ப்ரெசரைக் கொண்டே, மண்பாதைக்காகக் குறைத்த டயர் காற்றை மீண்டும் நிரப்பலாம் என்பது தோட்டக்காரருக்குப் பெரிய வசதி. காற்றுக்குழாயை சைலன்சரின் சூடு படாமலும் கல் அடிக்காமலும் கொண்டுபோக வேண்டும். வால்வு வழியே கியர் ஆயில் கசிந்தால் உள்ளே சீல் போய்விட்டதென்று பொருள். உங்கள் வேலைக்கு நான் ஏர் லாக்கரையே தேர்ந்தெடுப்பேன். உங்கள் அச்சுக்கு அது கிடைக்காவிட்டால் மின் லாக்கரும் நன்றே.

முன் அச்சுக்கு இப்போது வேண்டாம். மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. உர மூட்டைகளும் பின்னால்தான் இருக்கின்றன. முன் லாக்கர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், திருப்பிய நிலையில் சக்கரம் திரும்பும்போதும் அதற்கு விசையைக் கடத்தும் முன் அச்சின் சிவி ஜாயிண்டுகளுக்கும் சுமை கூடும்.

வாங்குமுன் உங்கள் அச்சு திறந்த வகைதானா என்று பாருங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, டூ வீலிலும் நியூட்ரலிலும் வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் எளிதாகச் சுழன்றால் பெரும்பாலும் திறந்த வகைதான். பிறகு கிரவுனின் விட்டம், அச்சுத்தண்டின் முனையிலுள்ள ஸ்ப்ளைன் என்ற வரிப்பற்களின் எண்ணிக்கை, கியர் விகிதம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு இவை மாறியிருப்பதுண்டு. வண்டியின் பெயரை மட்டும் சொல்லி லாக்கர் வாங்கி, அது பொருந்தாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொருத்தும் வேலையில்தான் அதிக கவனம் வேண்டும். ஏர் லாக்கர் டிஃபரென்ஷியல் கூட்டையே மாற்றுவதால், கிரவுனைக் கழற்றி மாட்டி, பேரிங் இறுக்கத்தையும் பேக்லாஷையும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து மீண்டும் சரிசெய்ய வேண்டும். பேக்லாஷ் என்பது கிரவுன், பினியன் பற்களுக்கிடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவிலான நுண்ணிய இடைவெளி. அதை டயல் கேஜ் வைத்து அளந்து, பற்களில் சாயம் பூசி, அவை ஒன்றையொன்று தொடும் தடத்தையும் காட்டச் சொல்லுங்கள். கையால் ஆட்டிப் பார்த்தே சரியாகிவிடும் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஓட்டும்போது, பள்ளத்துக்குள் இறங்குமுன், சக்கரங்கள் சுழலாத நிலையில் பூட்டி, லோ கியரில் சீராக ஏறுங்கள். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தைத் திடீரெனப் பூட்டினால் அச்சுத்தண்டு முறியலாம். பாதை ஒருபக்கமாகச் சாய்ந்து களிமண்ணாக இருக்கும் இடத்தில் பூட்டவே வேண்டாம். திறந்த அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், பூட்டிய அச்சில் இரண்டும் சுழன்று வண்டி சரிவை நோக்கி வழுக்கும். மேடேறியதும் விடுவித்துவிடுங்கள், லாக்கர் பூட்டியிருப்பதைக் காட்டும் விளக்கு அணையாவிட்டால், நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் அச்சின் முறுக்கு தளர்ந்து விடுபடும்.