பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வாங்கப் போகிறேன். அதை டிவியுடன் இணைக்க கடைக்காரர் 2,500 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிள் எடுக்கச் சொல்கிறார், எடுக்கலாமா? 50,000 ரூபாய்க்குள் டிவி எதைப் பார்த்து வாங்குவது?

கேபிள் வேண்டாம். கன்சோல் பெட்டிக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, அது போதும். அந்த 2,500-ஐயும் டிவி கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"தங்க முலாம் பூசினது சார், கலர் அள்ளும்" என்று சொல்லியிருப்பார். எச்டிஎம்ஐ வயரில் ஓடுவது டிஜிட்டல் சிக்னல். வந்தால் முழுசாக வரும். கேபிள் சரியில்லை என்றால் அது பட்டவர்த்தனமாகத் தெரியும்: திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரியும், அல்லது ஓரிரு நொடி கறுப்பாகி மறுபடி உயிர் வரும். கலர் கொஞ்சம் கூடுவது, கறுப்பு கொஞ்சம் அடர்த்தியாவது எல்லாம் கேபிளால் நடக்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் குத்தி பிஎஸ்2 ஆடிய காலத்தில் வயரை மாற்றினால் படம் நிஜமாகவே மாறியது. அந்தப் பழைய நம்பிக்கையை வைத்துத்தான் இன்னும் வியாபாரம் நடக்கிறது.

பெட்டியில் வரும் கேபிள் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' வகை. 48 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 48 ஜிகாபிட்) தாங்கும். பிஎஸ்5 அனுப்புவதே 4கே 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 முறை படம் மாறும் வேகத்தில்) 32 ஜிபிபிஎஸ்தான். டிவி ஒரு பக்கம், கன்சோல் அறையின் மறு பக்கம் என்றால் மட்டும் வேறு கேபிள் தேடுங்கள். '8கே' என்று அட்டையில் அடித்திருப்பதை நம்ப வேண்டாம். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று ஸ்டிக்கரில் க்யூஆர் கோடு இருக்கும், அதை அதற்கான ஆப்பில் ஸ்கேன் செய்து பாருங்கள். ஐந்து மீட்டரைத் தாண்டினால் உள்ளே ஃபைபர் ஓடும் ஆப்டிகல் கேபிள்தான் நம்பகமானது. அதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' என்று போட்ட முனை கன்சோலில். மாற்றிக் குத்தினால் படமே வராது.

இனி டிவி. ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இதுதான்.

பெட்டியில் 'எச்டிஎம்ஐ 2.1' என்று இருந்தால் 4கே 120 ஹெர்ட்ஸ் வரும் என்று அர்த்தமில்லை. அந்தத் தரத்தில் 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் (கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப டிவியும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) போன்றவை எல்லாம் விருப்பத்துக்குரிய அம்சங்கள்தான். ஒன்றிரண்டை மட்டும் வைத்துவிட்டு 2.1 என்று போட்டுக்கொள்ளலாம், விதிப்படி தப்பில்லை. அதனால் 2.1-ஆ என்று கேட்காமல், "எந்தப் போர்ட்டில் 4கே 120 எடுக்கும்?" என்று கேளுங்கள். பல டிவிகளில் நான்கில் இரண்டு போர்ட்தான் அப்படி இருக்கும், அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பார் செருகும் இஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பார் போட்டால் மிச்சம் ஒன்றே ஒன்று.

அடுத்தது பேனல். 'மோஷன் ரேட் 120', 'எம்இஎம்சி' என்பதெல்லாம் 60 ஹெர்ட்ஸ் பேனலில் இடையில் ஃப்ரேம்களைக் கற்பனை செய்து நுழைக்கும் வேலை. சினிமா, கிரிக்கெட்டுக்குச் சிலருக்குப் பிடிக்கும். கேமுக்கு உதவாது, தாமதம்தான் கூடும். 'டிஎல்ஜி 120' என்று ஒன்று உண்டு. 60 ஹெர்ட்ஸ் 4கே பேனலையே வைத்துக்கொண்டு, செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி 120 காட்டுவது அது. ஸ்பெக் ஷீட்டில் 'நேட்டிவ்' (பேனலின் சொந்த வேகம்) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

உங்கள் பட்ஜெட்டில் நேட்டிவ் 120 கிடைத்தால் சந்தோஷம். 43 அங்குலத்தில் அது அபூர்வம், கிடைத்தாலும் விலை கடிக்கும். அப்போது 120-ஐ விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. பிஎஸ்5 கேம்களில் பெரும்பாலானவை 30 அல்லது 60 ஃப்ரேமில்தான் ஓடுகின்றன. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி மாதிரி துப்பாக்கி ஆட்டங்களே உயிர் என்றால் மட்டும் யோசியுங்கள். விஆர்ஆர் பிஎஸ்5-க்கு 2022 ஏப்ரலில் அப்டேட்டாக வந்தது. 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்யும், எனவே 60 ஹெர்ட்ஸ் டிவிக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டால்பி விஷன் (எச்டிஆர், அதாவது வெளிச்சமும் நிறமும் கூட்டிக் காட்டும் முறையில் ஒரு வகை) லோகோவுக்காகவும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பிஎஸ்5 கேம்கள் எச்டிஆர்10 என்ற இன்னொரு வகையில்தான் வரும். அந்த எச்டிஆரும் வெளிச்சம் குறைந்த பட்ஜெட் பேனலில் மங்கலாகத்தான் தெரியும்.

எந்த டிவியானாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது இன்புட் லேக். பட்டன் அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே டிவி தின்னும் நேரம் அது. 60 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லி செகண்ட். நல்ல கேம் மோடில் லேக் அதை ஒட்டியோ குறைவாகவோ இருக்கும். அதே டிவி சினிமா மோடில் 100-ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. இந்த எண்ணைக் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, அளந்து பார்த்து எழுதும் ரிவ்யூ தளங்களில் மாடல் பெயர் போட்டுத் தேடுங்கள். கடையில் ஓடும் டெமோ வீடியோவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நிறைய டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் முழு வேகத்துக்குத் திறந்து வராது. சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்' என்று ஒளிந்திருக்கும். கன்சோல் செருகிய போர்ட்டுக்கு அதை ஆன் செய்யுங்கள். பிறகு பிஎஸ்5 செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோவுக்குள் போனால், டிவிக்கு என்ன போகிறது என்று அதுவே காட்டும். படம் விட்டுவிட்டு வந்தால் அங்கேயே '4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்' என்று இருப்பதை ஆட்டோமேட்டிக்கிலிருந்து -1 அல்லது -2-க்கு இறக்கிப் பாருங்கள். அதில் அந்தத் தடங்கல் நின்றுவிட்டால் கேபிளைச் சந்தேகப்படலாம்.