அப்டேட் ஏற மறுக்கிறதா? ஃபார்மேட்டுக்கு முன் பிழை எண்ணைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. சில மாதங்களாக மாதாந்திர அப்டேட் ஏறவே இல்லை. டவுன்லோடு முழுதாக முடிகிறது. இன்ஸ்டால் ஆகும்போது 80073712 என்று முடியும் பிழை எண் வந்து நின்றுவிடுகிறது. சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரைக் காலி செய்து பார்த்தும் பலன் இல்லை. ஃபார்மேட் செய்தால்தான் தீரும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. இப்போதைக்கு ஃபார்மேட் பேச்சே வேண்டாம்.

நீங்கள் காலி செய்த ஃபோல்டர், இறங்கிய அப்டேட் ஃபைல்கள் தங்கும் இடம். டவுன்லோடு பாதியில் நின்றால் அதைக் காலி செய்வது பலன் தரும். உங்களுக்குத்தான் டவுன்லோடு ஒழுங்காக முடிகிறதே! 80073712 சொல்வது வேறு. விண்டோஸ் தன் பாகங்களின் பிரதிகளை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கிடங்கில் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது. அடுத்த மாத அப்டேட் வந்தால் சரியாகும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. அதுவும் இதே கிடங்கின்மேல்தான் ஏற வேண்டும்.

கிடங்கைச் சரிசெய்யும் முன் இரண்டு வேலை. முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவில் நகலெடுங்கள். பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். அப்டேட் நடுவே கரண்ட் போனாலும் கிடங்கு கெடும். டிஸ்க் சாகத் தொடங்கினாலும் கெடும். நிலை 'காஷன்' என்று வந்தால் டிஸ்க்கை மாற்றுவதுதான் சரி. அதன்மேல் செய்யும் பழுதுபார்ப்பு நிலைக்காது.

டிஸ்க் நன்றாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கிடங்கைச் சரிசெய்யும் இந்தக் கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth). சாய்கோடு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இடைவெளி வேண்டும். 62.3 சதவீதத்தில் உறைந்ததுபோல் நெடுநேரம் நிற்கலாம். பயந்து ஜன்னலை மூடிவிடாதீர்கள். அது முடிந்த பிறகே, கெட்ட விண்டோஸ் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்யும் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் (sfc /scannow). பலர் இதை முதலில் ஓட்டிவிட்டு, 'சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை' என்று வந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பதே அந்தக் கிடங்கிலிருந்துதான். கிடங்கு கெட்டிருக்கும்போது அது எங்கே போகும்? இரண்டும் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து அப்டேட்டை மறுபடி முயலுங்கள்.

டிஸ்ம் 800எஃப்081எஃப் என்று முடிந்தால், நல்ல பிரதி அதற்கு எங்கும் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது விண்டோஸை அதன்மேலேயே மறுபடி நிறுவ வேண்டும். ஃபைல்களும் ப்ரோகிராம்களும் அப்படியே இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று போய், விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரிசெய்யும் பகுதியில் 'ரீஇன்ஸ்டால் நவ்' அழுத்துங்கள். அதுவும் நின்றுபோனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, இரட்டை கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஐஎஸ்ஓ இறக்கும் பக்கத்தில் 'இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்', 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' என இரண்டு இருக்கும். உங்கள் கணினியில் இருப்பதற்கு மாறானதை எடுத்தால், ப்ரோகிராம்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மங்கிப்போய் அழுத்தவே வராது. டிஸ்ம் /ஆன்லைன் /கெட்-இன்டல் (DISM /Online /Get-Intl) என்று தட்டினால் 'டீஃபால்ட் சிஸ்டம் யூஐ லாங்குவேஜ்' என்ற வரியில் சிஸ்டம் மொழி தெரியும்: அதன் கடைசி இரண்டு எழுத்து யுஎஸ் என்றால் முதலாவது, ஜிபி என்றால் இரண்டாவது. 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' தெளிவாகத் தெரிந்தால் மட்டும் மேலே போங்கள்.

வேறு எண் வருபவர்களுக்கு: 80072எஃப்8எஃப் என்றால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போய்விடும்; பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துவராமல் அப்டேட் சர்வர் இணைப்பே கிடைக்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.