அயோடின் கொப்பளிப்பு: 15 விநாடிக் கணக்கு எங்கே செல்லும்?

கேள்வி: பொவிடோன் அயோடின் கலந்த நீர் 15 விநாடியில் கொரோனா வைரஸை அழிக்கிறது என்று ஓர் ஆய்வு முடிவைப் படித்தேன். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் காலையும் இரவும் கொப்பளிக்கிறோம். சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க இதையே பழக்கமாக்கிக்கொள்ளலாமா? அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: முதலில் அம்மாவைக் கொப்பளிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் தினசரிப் பழக்கமாக இது வேண்டாம்.

நீங்கள் படித்த முடிவு பொய்யில்லை. அரை சதவீதக் கரைசலே 15 விநாடியில் அந்த வைரஸைச் செயலிழக்க வைத்ததை 2020-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த 15 விநாடி எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்தால், அதைத் தொண்டைக்கு அப்படியே பொருத்தத் தயங்குவீர்கள்.

வைரஸ் கலந்த திரவத்தில் அயோடின் கரைசலை ஊற்றுவார்கள். குறித்த நேரம் ஆனதும் அயோடினை நிறுத்த வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் சேர்ப்பது வழக்கம். சேர்த்ததும் பழுப்பு நிறம் சட்டென்று மறைந்து தண்ணீர்போல் தெளிந்துவிடும். இப்படி ஏதாவது ஒரு நிறுத்தம் இருக்கிறதா என்றுதான் இந்த வகைக் கட்டுரைகளில் நான் முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் அயோடின் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். 15 விநாடி என்று எழுதியிருப்பது உண்மையில் ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். மிச்சமிருக்கும் அயோடின், வைரஸை வளர்த்துப் பார்க்க வைத்திருக்கும் செல்களையே கொன்றுவிடும் ஆபத்தும் உண்டு. அப்போது வைரஸ் வளரவில்லை என்ற முடிவுக்கு அர்த்தமே இல்லை. பி.சி.ஆர். பரிசோதனையை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். செத்த வைரஸின் மரபுப்பொருளும் அதில் தெரியும்.

அயோடினுக்கே ஒரு விசித்திரக் குணம் உண்டு. பொவிடோன் என்பது அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும் பாலிமர். கிருமியைக் கொல்வது அந்தப் பிடியிலிருந்து விடுபட்ட அயோடின். 10 சதவீதக் கரைசலில் இது பத்து லட்சத்தில் சில பங்குதான். தண்ணீர் சேர்க்கச் சேர்க்கப் பிடி தளர்ந்து, 0.1 சதவீதம் வாக்கில் விடுபட்ட அயோடின் உச்சத்துக்குப் போகிறது. அதனால் சோதனைக்குழாயில் நீர்த்த கரைசல் கெட்டியானதைவிட வேகமாகக் கொல்வது உண்டு. சரி, அப்படியானால் வீட்டிலேயே நன்றாக நீர்த்துக் கொப்பளிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். விடுபட்ட அயோடின் அதிகம், மொத்த இருப்போ குறைவு. கையில் சில்லறை நிறைய, வங்கியில் காசில்லை என்கிற நிலை அது. எச்சில், சளி, இரத்தம், சீழ் எல்லாவற்றிலும் இருக்கும் புரதங்கள் அயோடினைத் தின்றுவிடும். இருப்பு குறைந்த கரைசல் சீக்கிரமே வெறும் தண்ணீராகிவிடும். போதாததற்கு, வைரஸ் பெருகுவது செல்லுக்குள்ளே. மூக்கின் உள்பக்கத்தைக் கொப்பளிப்பு எட்டுவதும் இல்லை.

மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆனது? ஜப்பானில் 387 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 60 நாள் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளித்தொற்று சுமார் 36 சதவீதம் குறைந்தது. பொவிடோன் அயோடினில் கொப்பளித்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை! அதே நாட்டில் 2020 ஆகஸ்டில் ஒசாகா ஆளுநர் இந்தக் கொப்பளிப்பு மருந்தைப் பற்றி நல்லபடியாகப் பேசியதும் கடைகளில் அது காலியானது வேறு கதை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளில் 42 நாள் நடந்த சோதனையில், பொவிடோன் அயோடினைத் தொண்டையில் ஸ்பிரே செய்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டுக்காக வைட்டமின் சி கொடுக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் பேருக்கும் கொரோனா தொற்று ஏற்பட்டது. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் நெருக்கியடித்து வாழும் விடுதியில், தொற்று உச்சத்தில் இருந்தபோது, நாளுக்கு மூன்று முறை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செய்தது அது. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதும் மறைக்கப்படவில்லை. வருடம் முழுவதும் வீட்டில் செய்வதற்கு இதை ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது அம்மா விஷயம். 1 சதவீதக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். ஒரு மில்லிலிட்டர் தவறி உள்ளே போனாலே ஆறு மடங்குக்கு மேல் ஆகிவிடும். சாதாரணத் தைராய்டு இதைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஏற்கனவே கோளாறு உள்ள சுரப்பி, அதிகமாகச் சுரப்பது, குறைவாகச் சுரப்பது என்று இரண்டு திசையிலும் தடுமாறலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கைக்குழந்தைகள் விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான்.

இதற்காக அயோடினை மட்டமாக நினைக்க வேண்டாம். கண்புரை அறுவைக்கு முன் கண்ணில் 5 சதவீதச் சொட்டு விடுவது உள்தொற்றைத் தடுக்க எல்லோரும் நம்பும் முறை. அறுவைக்கு முன் தோலைச் சுத்தம் செய்யவும் அது இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. அங்கேயும் தடவியதும் கத்தி வைப்பதில்லை, காயவிடுகிறார்கள்.

தொண்டைவலிக்கு மருத்துவர் சொல்லிச் சில நாள் கொப்பளித்தால் தவறில்லை. கொப்பளிக்கவென்றே விற்கும் கரைசலை உறையில் உள்ள அளவில் எடுங்கள், விழுங்காதீர்கள், இரண்டு வாரத்தைத் தாண்டாதீர்கள். தோலைக் கழுவ விற்கும் ஸ்கிரப் வகையில் சோப்புப் பொருள் கலந்திருக்கும். அது வாய்க்குள் போகவே கூடாது. அப்புறம், அம்மாவுக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வருவதாக இருந்தால், இத்தனை நாள் கொப்பளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கதிரியக்க அயோடின் ஸ்கேனின் முடிவை இது நேரடியாகவே மாற்றிவிடும்.