நத்தைச் சாயம் என்று சொல்லி விற்கும் ஊதாச் சால்வையை வாங்கலாமா?

கேள்வி: இணையக் கடை ஒன்றில் 'அசல் டைரியன் பர்ப்பிள், கடல் நத்தையிலிருந்து எடுத்த அரச ஊதா' என்று ஒரு பட்டுச் சால்வை பார்த்தேன். மற்ற பட்டுச் சால்வைகளைப் போல இரண்டு மடங்கு விலை. ஒரு நிறத்துக்கு இவ்வளவு கொடுக்கலாமா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வெறும் இரண்டு மடங்கு என்றால் அது நத்தைச் சாயமாக இருக்க வாய்ப்பே இல்லை. அசல் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

மத்தியதரைக் கடலில் வாழும் மூரெக்ஸ் வகை நத்தைகளுக்குள் ஒரு சின்னச் சுரப்பி உண்டு. அதிலிருந்து வரும் திரவத்தில் முதலில் ஊதாவே தெரியாது. காற்றும் வெளிச்சமும் பட்டபின் மஞ்சளாகி, பச்சையாகி, நீலம் தட்டி, கடைசியில்தான் செவ்வூதாவாக நிற்கும். ஒரு நத்தையில் தேறுவது மிகக் கொஞ்சம். 1909-ல் பால் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்தும் கிடைத்த சாயம் 1.4 கிராம்தான்! இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர், இன்றைய லெபனானில் இருக்கும் டயர். சாயப்பட்டறைகளால் அங்கே குடியிருப்பதே சிரமம் என்று பழங்காலக் கிரேக்கப் புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.

அருமை கூடக் கூட அதிகாரமும் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. ரோமப் பேரரசன் நீரோ இந்தச் சாயத்துக்குத் தடை போட்டான். அப்புறம் சந்தை நாளில் ரகசியமாக ஓர் ஆளை அனுப்பிச் சில அவுன்ஸ் விற்க வைத்து, அதையே சாக்காக்கி வியாபாரிகளின் கடைகளையெல்லாம் மூடினான் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ். கி.பி. 301-ல் ரோமப் பேரரசன் டயக்ளீஷியன் போட்ட விலைப்பட்டியலில், ஊதா ஏற்றிய பட்டு ஒரு பவுண்டுக்கு 1,50,000 தினாரியஸ் (ரோம நாணயம்). 1856-ல் வில்லியம் பெர்கின் தன் 18 வயதில் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தபின், அந்த நிறம் சாதாரண மக்களுக்கும் எட்டியது.

சரி, அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் முடியாது. பாறைகளில் படரும் பாசிக்காளானிலிருந்து (லைக்கன்) எடுக்கும் ஊதா வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்; நத்தைச் சாயம் அப்படி வெளுக்காது. ஆனால் வெளுக்காததெல்லாம் நத்தைச் சாயம் ஆகிவிடாது. அதன் முக்கிய மூலக்கூறான டைபுரோமோ இண்டிகோவை இன்று ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்கள். அசல் நத்தைச் சாயத்தில் அதோடு கூடவே வரும் மற்ற சேர்மங்களையும் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

அதனால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த இன நத்தை, எங்கே பிடித்தது, ஆய்வக அறிக்கை இருக்கிறதா? எழுத்தில் பதில் வராவிட்டால், பட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள்.