கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது: பிரேம், மவுண்ட் கேள்வி பதில்

பிரேம் கடையில் பீடிங், அதாவது பிரேம் செய்யும் நீளச் சட்டம், வெட்டிக் கை காய்த்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மவுண்ட் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்கிறார். வெறும் அழகுக்குத்தானே? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

சொல்லாதீர்கள் சார். படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கும் அந்த அட்டைக்கு அழகு இரண்டாவது வேலைதான். கண்ணாடி படத்தின் மேல் படாமல் தள்ளி வைப்பதுதான் முதல் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடியின் உள்பக்கமும் வியர்க்கும். இடைவெளி இல்லையென்றால் அந்த ஈரம் நேராகப் படத்தில்தான் இறங்கும்.

தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படி உரிப்பது?

உரிக்கவே உரிக்காதீர்கள் அம்மா. அந்தக் காலத்துப் படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். வேலை பழகிய புதிதில் ஒரு கல்யாணப் படத்தை பிளேடு விட்டுக் கிளப்பினேன். படம் வந்தது, மாப்பிள்ளையின் இடது காது மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. படத்துக்குச் சொந்தக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிரேமை மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து ஸ்கேன் எடுங்கள். அந்தப் பிரதியை மவுண்ட் வைத்து மாட்டுங்கள். அசல், கண்ணாடியோடு பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.

8க்கு 10 அங்குலப் படம். மவுண்ட் போட்டால் எந்த அளவு பிரேம் வாங்குவது?

12க்கு 15 ரெடிமேட் பிரேம் சரியாக வரும் தம்பி. ஜன்னலைப் படத்தின் அளவுக்கே வெட்டினால் படம் அதன் வழியாக விழுந்துவிடும். நாலு பக்கமும் கால் அங்குலம் படத்தின் மேல் ஏறி நிற்கட்டும். அப்போது ஜன்னல் ஏழரைக்கு ஒன்பதரை. பக்கவாட்டில் இரண்டேகால், மேலே இரண்டரை, கீழே மூன்று அங்குலம் விடுங்கள். கீழே ஏன் அதிகம் என்றால், நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே சரிந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

மவுண்ட் வாங்கி மூன்று வருஷத்தில் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

மலிவான அட்டை அப்படித்தான். மரக்கூழில் இருக்கும் அமிலம் வேலை செய்கிறது. சரிவாக வெட்டிய விளிம்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அப்புறம் அந்தப் பழுப்பு படத்திலும் கோடாக இறங்கும். அமிலமில்லாத போர்டு என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் பூ வேலை பீடிங்கில் கொட்டும் காசை இதில் போடலாம். படத்தை செல்லோ டேப்பாலோ ஃபெவிகாலாலோ ஒட்ட விடாதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய காகிதக் கீல் இரண்டு, மைதாப் பசையில். பிற்பாடு கழற்றவேண்டி வந்தால் கொஞ்சம் ஈரம் போதும்.

என்ன நிறம்?

வெள்ளை, இல்லையென்றால் தந்த நிறம். சோபா உறைக்கு மேட்ச் பார்க்காதீர்கள். உறை சீக்கிரம் மாறும்.

தஞ்சாவூர் ஓவியம் பரிசாக வந்திருக்கிறது. அதற்கும் மவுண்ட் உண்டா?

அட்டை வேண்டாம். சுண்ணப்பொடிப் பசையில் புடைத்த வேலை, மேலே தங்க ரேக்கு, கல் பதித்தது. அட்டையின் கனம் அந்தப் புடைப்புக்குப் போதாது. கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே சுற்றிலும் அரை அங்குல மரச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் பலகை இருப்பதால் கனமும் உண்டு. தேக்குப் பிரேம்தான் தாங்கும், சின்தெடிக் (பிளாஸ்டிக்) பிரேமின் மூலை விட்டுவிடும்.

குளியலறைச் சுவரில் மாட்டலாமா? வேறு இடமில்லை.

அந்தச் சுவரின் வெளிப்பக்கமும் வேண்டாம், ஓதம் ஏறும். எந்தச் சுவரானாலும் பிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள், காற்று போகும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் அடித்தால் பிரேமின் இடுக்கு வழியாக மவுண்டுக்குள் போய்விடும்.