அமெரிக்க ஓவியர் விஸ்லரின் கொல்லுப் பட்டறைப் படங்கள் காகிதத்தில் வரைந்தவை. அவற்றைக் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்ட படம், என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 1895இல் விஸ்லர், உடல்நலமில்லாத மனைவியோடு இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் ஊரில் தங்கியிருந்தார். அங்கே கொல்லர்கள் வேலை செய்வதைப் பல படங்களாக வரைந்தார். கனத்த சுண்ணாம்புக் கல்லை உலைக்களத்துக்குத் தூக்கிப்போய் வரைய முடியுமா? அதனால் பசை பூசிய மாற்றுத்தாளில் எண்ணெய்ப் பிசுக்குள்ள கிரேயானால் வரைந்து, லண்டனில் தாமஸ் வேயின் அச்சகத்துக்கு அனுப்பினார். அங்கே தாளை ஈரமாக்கிக் கல்மேல் வைத்து அழுத்துவார்கள். பிசுக்கு கல்லில் இறங்கிவிடும். அப்புறம் வழக்கமான முறைதான்: நனைந்த கல் மையை ஏற்காது, பிசுக்குள்ள இடம் மட்டும் ஏற்கும். இன்னொரு வசதி, படம் இடவலம் மாறாது.

உருப்பெருக்கியில் பாருங்கள். பட்டறையின் இருட்டு தீட்டிய கறுப்பு இல்லை. கிரேயான் தாளின் சொரசொரப்பில் பட்டு விட்டுவிட்டு விழுந்த பொடிப்புள்ளிகள். வரைந்த கையின் அழுத்தம் அப்படியே தெரிகிறது. எனக்கு இதுவே போதுமான சான்று.

உங்கள் சந்தேகம் நீதிமன்றம் வரை போனதுதான். அமெரிக்க ஓவியர் ஜோசப் பென்னல் மாற்றுத்தாளில் செய்தவை உண்மையான கல்லச்சு அல்ல என்று ஓவியர் சிக்கர்ட் எழுத, பென்னல் வழக்குத் தொடுத்தார். 1897இல் விஸ்லர் பென்னலுக்காகச் சாட்சி சொன்னார். பென்னல் வென்றார், 50 பவுண்டு இழப்பீடும் கிடைத்தது.